கேல் இல்லாத பத்து நாட்கள்

தம்பி வந்து சேர்ந்த ஆறாவது நாள், கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். திரும்பி வர ஐந்து மாதம் ஆகும். கிளம்பும்போது மாடியேறி வந்து அக்காவிடம் ஒரு வேலையை ஒப்படைத்தாள்.

“பின்னாடி நாலு பாத்தி கேல் கீரை போட்டிருக்கேன், கோஸ் ஜாதி. வாரத்துக்கு ரெண்டு தடவ அடி இலையா பார்த்து ஒடிச்சிக்கிட்டே இருங்க. விட்டா முத்திப் போயிடும்.”

“ஒடிச்சு நான் என்ன பண்றது?”

“சமைச்சு சாப்பிடுங்க. வேற என்ன பண்ணுவாங்க?” என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு இறங்கிப் போய்விட்டாள்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் மொடமொடவென்று வரும்போது மடித்து அடுக்க வேண்டும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த நான்கு வருஷமாக அவள் வீட்டில் உலை வைத்தது குறைவு. மதியம் வேலையிடத்துக் கேன்டீனில் சாப்பிடுவாள். இரவுக்கு ரொட்டியும் தேநீரும். தனி ஒருத்திக்கு எதற்குப் பாத்திரம் தேய்ப்பது என்று அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அந்த வீட்டுக்குத்தான் தம்பி வந்திருந்தான். நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. இருதயத்தில் வால்வு மாற்றி அறுவைச் சிகிச்சை செய்த பிறகு, “வீட்ல யார் இருக்காங்க?” என்று மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். அவன் வெகுநேரம் யோசித்து அக்காவின் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

அவர்கள் இருவரும் பதினோரு வருஷமாகக் கல்யாண வீடுகளில் மட்டும் பேசிக்கொண்டவர்கள். “நல்லா இருக்கியா?” “இருக்கேன்.” அவ்வளவுதான். அதற்கு முன்னால் அப்பா பதினான்கு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அக்காதான் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டாள். தம்பி, அவர் இறந்த அன்றைக்குத்தான் வந்தான். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டால் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவோம் என்று பயம். இப்போது அவன் நெஞ்சில் தையலோடு வந்து நிற்கும்போது, கேட்பதற்கு அதுவா நேரம்?

ஆகவே வீட்டில் பேச்சு இல்லை. அவன் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான். குடித்த தம்ளரை உடனே கழுவி வைப்பான். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டான்.

முதல் முறை கேல் பறித்தபோது அக்கா மற்றக் கீரையைப் போலவே நறுக்கி வதக்கினாள். பல்லுக்கும் இலைக்கும் பெரிய போராட்டம். கசப்பு வேறு. தம்பி தட்டைக் காலி செய்தான். “எப்படி இருக்கு?” என்றாள். “நல்லா இருக்கு” என்றான். பொய் என்று தெரிந்தது. ஆனால் அந்த வீட்டில் நான்கு வருஷத்துக்குப் பிறகு ஒருவர் சாப்பிட்டு ஒருவர் கேட்டது அதுதான்.

மறுநாள் வேலையிடத்தில் சட்டைக் கழுத்துகளைத் தேய்ப்பவளிடம் சொன்னாள். அவளை எல்லோரும் காலர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நடுத் தண்டோட போட்டியா? அதான். தண்ட ஒரு கையில பிடிச்சு, இலைய இன்னொரு கையால சர்ருனு உருவணும். இலைய பொடிசா அரிஞ்சு, உப்பு, எலுமிச்சை, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, துணி கசக்குற மாதிரி கசக்கு. பச்சையாவே சாப்பிடலாம்.”

துணி கசக்குவது அக்காவுக்குச் சொல்லியா தர வேண்டும்? அன்று மாலை ஒரு பெரிய கிண்ணம் நிறைய இலையைப் போட்டுக் கசக்கினாள். இரண்டு நிமிடத்தில் அது நிறம் அடர்ந்து, கால்வாசியாகச் சுருங்கி, பளபளவென்று ஆகிவிட்டது. வெங்காயமும் வறுத்த வேர்க்கடலையும் தூவி வைத்தாள். தம்பி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“இது நேத்து போட்டதா?”

“அதேதான்.”

“நம்ப முடியல” என்றான். இந்த முறை பொய் இல்லை.

அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளை பீன்ஸும் பூண்டும் போட்டுக் குழைய வேகவைத்த சூப்பில், கடைசிப் பத்து நிமிடம் கேலைச் சேர்த்தாள். உருளைக்கிழங்கு மசியலில் வதக்கிய இலையைக் கலந்தாள். முட்டையில் போட்டு அடை மாதிரி கனமாகப் பொரித்தாள். உருவிய தண்டையும் வீணாக்காமல் மெல்லிய வில்லைகளாக அரிந்து, மிளகு போட்டு நெருப்பில் புரட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இலைகளை ஈரமே இல்லாமல் துடைத்து, எண்ணெய் தடவி, ஓவனில் பரப்பிக் காயவிட்டாள். அப்பளம் மாதிரி நொறுங்கியது. முதல் தட்டு கருகிப்போய் வீடெல்லாம் புகை. இரண்டாவது தட்டை இருவரும் சமையலறையில் நின்றபடியே காலி செய்தார்கள். மிஞ்சிய இலையைக் கொதிநீரில் முக்கியெடுத்து, பிழிந்து, உருண்டை பிடித்து ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் அடுக்கினாள்.

தினமும் கேல். சில நாள் இரண்டு வேளை. வைத்ததையெல்லாம் தம்பி சாப்பிட்டான். அவன் முகத்தில் ரத்தம் ஊறுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. தன் கையால்தான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்தது.

அவன் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வைத்த மாதிரி வால்வு வைத்தவர்கள் அதை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். அது சரியாக வேலை செய்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு எண் வரும். அவனுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும் ஆபத்து. கூடினால் ரத்தம் நிற்காமல் போகும் ஆபத்து. அவன் தனியாகவே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

“என்ன சொன்னாங்க?”

“கொஞ்சம் குறைஞ்சிருக்காம். மாத்திரைய கூட்டியிருக்காங்க.”

“சாப்பாட்டுல ஏதாவது பாத்துக்கணுமாமா?”

“எல்லாம் சாப்பிடலாம்னுதான் சொன்னாங்க.”

அடுத்த முறையும் எண் குறைந்தது. மறுபடி மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு சரியான இடத்தில் வந்து நின்றது. அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

இரண்டாவது மாதத்தில் பாத்தியில் புழு விழுந்தது. வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் சுற்றிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தாள். அவை இலைக்கு அடியில் முட்டை வைத்துவிட்டுப் போயின. ஒரு வாரத்தில் நான்கு பாத்தியும் சல்லடை. நரம்பு மட்டும் நின்றது. உறைபெட்டியில் இருந்த உருண்டைகளும் தீர்ந்துபோயிருந்தன. சரி, கொஞ்ச நாளைக்கு வேறு ஏதாவது செய்வோம் என்று சோறும் முட்டையும் உருளைக்கிழங்குமாக ஓட்டினாள். பத்து நாள் போயிற்று.

பதினோராவது நாள் சனிக்கிழமை மதியம். சலவை நிலையத்தில் சாவி தொலைந்த பூட்டுகள் ஏழெட்டுக் கிடந்தன. தம்பிக்குக் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அக்காதான் அவற்றை வாங்கி வந்திருந்தாள். அவன் சமையலறை மேசையில் காகிதம் விரித்து, சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அரம் வழுக்கி இடது கட்டைவிரலின் அடியில் கிழித்தது. அவன் சத்தம் போடவில்லை. கால் மணி நேரம் கழித்து அவள் தேநீர் போட வந்தபோது, அவன் ஒரு துண்டைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். துண்டு முழுக்கச் சிவப்பு. காகிதத்தில் குளம் மாதிரி தேங்கியிருந்தது.

“என்னடா இது?”

“சின்ன கீறல்தான். நின்னுடும்னு பார்த்தேன். நிக்கல.”

அக்கா வெளுத்த விரிப்பு ஒன்றை எடுத்து மடித்து, காயத்தின்மேல் வைத்து, அவன் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மருத்துவமனை போய்ச் சேரும்வரை வண்டியில் அந்த அழுத்தத்தை அவள் விடவில்லை.

எண்ணைப் பார்த்தார்கள். ஆறு புள்ளி ஒன்று.

காயத்தை அழுத்திக் கட்டி, மருந்து ஏற்றி, படுக்க வைத்தார்கள். வழக்கமாக அவனுக்கு ரத்தம் பார்க்கும் நர்ஸ் அன்று பணியில் இருந்தாள். கையில் அவனுடைய அட்டை.

“போன மாசம் ரெண்டு தடவ எண் இறங்குச்சு. இப்ப மேல போய் உட்கார்ந்திருக்கு. புதுசா மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்ல” என்றான் தம்பி.

“சாப்பாட்டுல மாத்தம்? கீரை, இலைக் காய்? அப்பவே கேட்டேன், எப்பவும் போலதான்னு சொன்னீங்க.”

அக்கா முன்னால் வந்தாள்.

“கேல் சாப்பிட்டான். தினமும். நாந்தான் செஞ்சு போட்டேன். புழு அடிச்சதால இந்தப் பத்து நாளா இல்ல.”

நர்ஸ் அட்டையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. “கயிறு இழுக்குற மாதிரி நினைச்சிக்குங்கம்மா. மாத்திரை ஒரு பக்கம் இழுக்குது, அந்த இலை எதிர்ப்பக்கம் இழுக்குது. இலை இருக்குறது தெரியாம நாங்க மாத்திரைக்குப் பலம் கூட்டினோம். இலை திடீர்னு கைய விட்டுடுச்சு. மொத்தமும் இந்தப் பக்கம் வந்து விழுந்துடுச்சு.”

“அப்ப நான் இவனுக்கு விஷத்தையா கொடுத்தேன்?”

“அப்படியெல்லாம் இல்ல. நல்ல இலைதான். இவங்களும் சாப்பிடலாம். ஆனா வாராவாரம் ஒரே அளவா இருக்கணும். கூட்டினாலும் குறைச்சாலும் எங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யணும். எல்லாம் அந்தக் கையேட்டுல இருக்கே. வீட்டுக்கு அனுப்பறப்ப கொடுத்தாங்களே?”

நர்ஸ் போன பிறகு அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கையேடு எங்க?”

“கருவிப் பெட்டியில.”

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“கீரையப் பத்தி இருந்துச்சா?”

“பன்னெண்டாம் பக்கம்.”

“தெரிஞ்சேவா தின்ன? நர்ஸ்கிட்டயும் மறைச்சு? ஏன்டா?”

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“வேணாம்னு சொல்றதுக்கு ஒரு உரிமை வேணும்ல அக்கா. எனக்கு அது இருக்கிற மாதிரி தோணல.”

“இந்த வீட்ல உனக்கு என்னடா உரிமை இல்ல?”

“அப்பா படுத்திருந்தப்ப ஃபோன் பண்ணி வரட்டுமான்னு கேட்டேன். ‘நீ வந்து என்னத்த கிழிக்கப் போற’ன்னு சொல்லிட்டு வச்சுட்ட.”

அக்கா யோசித்துப் பார்த்தாள். அந்தப் பதினான்கு மாதத்தில் எந்தப் பேச்சும் நினைவில் தனியாக நிற்கவில்லை. பகலெல்லாம் ஊரார் விரிப்பு, இரவெல்லாம் அப்பாவின் விரிப்பு. எத்தனை பேர் மேல் எரிந்து விழுந்தாளோ. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையதுதான். அவள் வாயில் வரக்கூடியதுதான்.

“அது கோவத்துல சொல்றதுடா. கிளம்பி வாடான்னு அர்த்தம்.”

“எனக்கு அப்படிப் புரியல.”

“ஒரு வார்த்தைக்காகவா பதினாலு மாசம் வராம இருந்த?”

“முதல் மாசம் கோவம். அப்புறம் வெட்கம். இவ்வளவு நாள் வராம இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதுன்னு. ஒவ்வொரு மாசமும் அது இன்னும் கஷ்டமாச்சு. வந்திருக்கணும். அதுல என் பக்கம் நியாயம் எதுவும் இல்ல.”

“ஆமா. வந்திருக்கணும்” என்றாள் அக்கா. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நாள் முழுக்கச் சூட்டில் நின்றுவிட்டு வெளியே வரும்போது உடம்பில் காற்று படுமே, அந்த மாதிரி ஏதோ இருந்தது.

மூன்றாம் நாள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த பிறகுதான் உண்மையான சண்டை நடந்தது. அப்பாவை யார் எப்போது குளிப்பாட்டினார்கள், அவர் கடைசியில் யார் பெயரைச் சொன்னார், எல்லாம். அக்கா ஒருநாள் முழுக்க அவனோடு பேசவில்லை. ஆனால் அது பழைய மௌனம் இல்லை. கோபமாக இருக்கிறேன், தெரிந்துகொள் என்று பாத்திரத்தை நங்கென்று வைக்கிற மௌனம். அவனும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டான்.

சண்டை ஓய்ந்த மாலை இருவரும் கையேட்டை மேசையில் விரித்தார்கள். மருத்துவமனையில் கேட்டு முடிவு செய்தபடி, திங்களும் வியாழனும், வதக்கிய கேல் ஒரு கோப்பை. தலை தட்டி அளக்க வேண்டும். மற்ற நாளில் கிடையாது. தம்பி அதை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினான். பாத்தியிலிருந்த புழுக்களை இருவரும் கையாலேயே பொறுக்கினார்கள். அவன் கையுறை போட்டுக்கொண்டான். அக்கா விடவில்லை, இரண்டு ஜோடி போட வைத்தாள். நடுக் குருத்துத் தப்பியிருந்ததால் செடிகள் மறுபடி துளிர்த்தன. தேவைக்கு மேல் வந்ததை அக்கா பையில் கட்டிச் சலவை நிலையத்துக்குக் கொண்டுபோனாள்.

அளவு வந்த பிறகு சமையல் மாறியது. முன்பு குவித்துக் கொட்டியவள், இப்போது ஒரு கோப்பையை என்ன செய்தால் நன்றாக இருக்கும் என்று வேலையிடத்திலேயே யோசித்தாள். வறுத்த வேர்க்கடலையோடும் பூண்டோடும் அரைத்து ரொட்டியில் தடவுவதா, சோற்றில் கிளறுவதா? முன்பெல்லாம் தானாக முடிவு செய்துவிட்டு, தட்டில் வைத்த பிறகு “எப்படி இருக்கு?” என்று கேட்பாள். இப்போது வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இவ்வளவு சின்ன விஷயம் ஐம்பத்து மூன்று வயதில் விளங்குகிறதே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அன்பாகத்தானே செய்தேன் என்று ஒரு பக்கம் மனசு வாதாடியது. அன்பாகத்தான். ஆனால் அவன் தட்டில் விழுந்ததெல்லாம் பதிலுக்குக் காத்திராத அன்பு.

ஆறு வாரம் எண் இரண்டரைக்குக் கீழேயும் போகவில்லை, மூன்றரைக்கு மேலேயும் போகவில்லை.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை, வேலை முடிந்து வரும் வழியிலேயே அவளுக்குப் பசி. நறுக்கி வதக்கி, கோப்பையில் அளந்து எடுத்து, மாவில் கலக்கப் போனவள் நின்று கேட்டாள்.

“இன்னிக்கு வடை மாதிரி தட்டிப் பொரிக்கட்டுமா?”

தம்பி பூட்டு ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தான். நிமிரக்கூட இல்லை.

“வேணாம். எண்ணெய் நாத்தம் வருது. போன தடவையே எனக்குப் பிடிக்கல.”

“போன தடவ அஞ்சு தின்ன?”

“அதான் சொல்றேன், பிடிக்கல. சூப்பு வை. உப்பு குறைச்சலா போடு, நீ கை நிறைய அள்ளிப் போடற.”

அக்கா மாவை மூடி ஓரமாக வைத்தாள். “வாய பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே பீன்ஸ் டப்பாவைத் தேடினாள். அது மேல்தட்டில் இருந்தது. அவளுக்கு எட்டவில்லை.

“எழுந்து வந்து இத எடுத்துக் குடுடா” என்றாள்.

“இரு, இத முடிச்சிட்டு வரேன்” என்றான் அவன்.

அவள் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அவன் முடிக்கும்வரை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.